மறு: மறு: ‘பிளேடு’: மேசைப்பந்து மட்டையின் மரத்துக்கு என்ன சொல்?

அனுப்புநர்: சொற்பட்டியல் தொகுப்பாளர்

குழுவினருக்கு வணக்கம்.

மேசைப்பந்து மட்டை வாங்குவோருக்கான வழிகாட்டி ஒன்றுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. தாக்கி ஆடுகிறவர் ஒருவர் வேகம் வேண்டும், பந்து கையை மீறிப் போகவும் கூடாது என்கிறார். அவருக்கு எந்த மரம், எத்தனை அடுக்கு, எவ்வளவு எடை என்பதைத் தமிழிலேயே சொல்லி முடிக்க வேண்டும்.

முதல் தடை ‘பிளேடு’. ரப்பர் ஒட்டாத மரப்பகுதியை ஆட்டக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எழுத்தில் பார்க்கிற புதியவருக்குச் சவரக்கத்திதான் நினைவுக்கு வரும். வாளுக்கும் கத்திக்கும் வழங்கும் ‘அலகு’ என்பதை முன்வைக்கிறேன். மற்றவை எளியவை: ஸ்பீடு ‘வேகம்’, கன்ட்ரோல் ‘கட்டுப்பாடு’, ஸ்டிஃப்னெஸ் ‘கடினத்தன்மை’. இவற்றில் சிக்கல் இல்லை என்றே நினைக்கிறேன்.

அனுப்புநர்: மேசைப்பந்துப் பயிற்றுநர்

> இவற்றில் சிக்கல் இல்லை என்றே நினைக்கிறேன்.

சிக்கல் இருப்பதே அங்கேதான் ஐயா. முதலில் அலகை முடித்துவிடுகிறேன். அளவைக்கு ‘அலகு’ என்று பள்ளிப் புத்தகம் முழுக்க வழங்குகிறது. “அலகின் தடிமன் 5.8 மி.மீ.” என்று எழுதினால் வாசிப்பவர் தடுமாறுவார். ‘பலகை’ போதும், ‘மட்டைப்பலகை’ என்றால் ஐயமே இல்லை.

ஆனால் ஒரு சொல் போதாது. பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி மட்டை எந்த அளவிலும் வடிவிலும் எடையிலும் இருக்கலாம். பலகை தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். ரப்பர் பலகையின் விளிம்பு வரை வர வேண்டும், தாண்டக் கூடாது. கைப்பிடியை ஒட்டி விரல் பற்றும் இடத்தை மட்டும் வெறுமையாக விடலாம். ஆக, விதியில் வரும் பிளேடில் கைப்பிடி சேராது. கடையில் விற்கும் பிளேடில் கைப்பிடியும் உண்டு. “85 கிராம்” என்பது கைப்பிடியோடு சேர்ந்த எடை, “5.8 மி.மீ.” என்பது பலகையின் தடிமன் மட்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் புதியவர் குழம்புவார். ரப்பர் ஒட்டாமல் கைப்பிடியோடு விற்பதை ‘வெறுமட்டை’ என்போம்.

இனி வேகம், கட்டுப்பாடு. அட்டையில் அச்சிடும் வேக எண் அந்தந்த நிறுவனத்தின் சொந்த அளவுகோல். ஒரு நிறுவனத்தின் 9-ஐ இன்னொன்றின் 9-ஓடு ஒப்பிட முடியாது. எல்லா ஆட்டத்துக்குமான ஆல்ரவுண்டில் தொடங்கி, தாக்குதலுக்கான ஆஃப் மைனஸ், ஆஃப், ஆஃப் பிளஸ் என்று வேகம் ஏறும் வரிசையும் பருமட்டானதுதான். கட்டுப்பாட்டு எண்ணின் நிலை இன்னும் மோசம். கட்டுப்பாடு மரத்துக்குள் இருக்கும் குணம் அல்ல. அந்த மரமும் ஆடுபவரின் வீச்சும் சேர்ந்தால் வருவது. “வேகம் 9, கட்டுப்பாடு 8” என்பதை மொழிபெயர்த்துப் போட்டால் வாசகர் கையில் எதுவும் மிஞ்சாது.

தாக்குபவருக்குத் தேவையான கேள்வி வேறு. மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும், நடுவாக அடித்தால் நடுவாகவும், முழு வீச்சில் வேகமாகவும் பந்து போகிறதா? அல்லது தொட்ட மாத்திரத்தில் எகிறுகிறதா? இந்த வேறுபாட்டுக்குத்தான் நமக்குச் சொல் தேவை.

அனுப்புநர்: மரவேலை ஆசிரியர்

பயிற்றுநர் சொன்னதற்கு மரத்தின் பக்கத்திலிருந்து காரணம் தருகிறேன். அதற்கு முன் ‘கடினத்தன்மை’யை நீக்கக் கேட்கிறேன். மரம் கடினமாக இருப்பது வேறு, வளைய மறுப்பது வேறு. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாதது கடினம். இரு முனையைப் பிடித்து வளைத்தால் வளையாதது விறைப்பு. ஹினோக்கி என்னும் சப்பானிய சைப்ரஸ் மென்மையான மரம், நகம் பதியும். அதையே ஒற்றைப் பலகையாக 9 முதல் 10 மி.மீ. தடிமனில் அறுத்தால் மிகுந்த விறைப்பு வரும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற ரியூ சுங்-மின் பிடித்தது அவ்வகை எழுதுகோல் பிடி மட்டை. மென்மையும் வேகமும் ஒரே மரத்தில் இருந்தன. ஆகவே ஸ்டிஃப்னெஸ் ‘விறைப்பு’, ஹார்ட்னெஸ் ‘கடினம்’.

விறைப்பு தடிமனின் கனமதிப்புக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப ஏறும். மற்றவை மாறாமல் 5.5 மி.மீ. பலகையை 6 மி.மீ. ஆக்கினால் விறைப்பு சுமார் 30 விழுக்காடு கூடும். அரை மில்லிமீட்டர்தானே என்று வாங்கியவர் தடுப்பாட்டத்தில் பந்து மேசையைத் தாண்டுகிறதே என்று திகைப்பது இதனால்தான்.

அடுத்தது இழை. பலகையின் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒட்டுப்படலத்துக்குள் கார்பன், கண்ணாடி இழை போன்றவற்றைச் சேர்க்கலாம். அந்தப் படலம் மொத்தத் தடிமனில் 7.5 விழுக்காடு, 0.35 மி.மீ. இரண்டில் எது சிறிதோ அதைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ 4.7 மி.மீ.க்கு மேற்பட்ட பலகைக்கெல்லாம் 0.35 தான் வரம்பு.

இவ்வளவு மெல்லிய படலம் ஆட்டத்தை மாற்றுவது அது இருக்கும் இடத்தால். நடுக்கோட்டிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு (தூரம் × தூரம்) ஏற்ப அதன் பங்கு கூடும். 5.8 மி.மீ. பலகையில் வெளிமரத்தை ஒட்டி, நடுவிலிருந்து 2.3 மி.மீ.யில் இழை இருந்தால் ஒரு விளைவு. நடுமரத்தை ஒட்டி 1.8 மி.மீ.யில் இருந்தால், அதே இழை விறைப்புக்குத் தரும் பங்கு முந்தையதில் மூன்றில் இரண்டுக்கும் குறைவு. பட்டர்ஃபிளை நிறுவனத்தின் விஸ்காரியா மட்டை முதல் வகை: வெளியே கோட்டோ மரம், அடுத்து ஆரிலேட்-கார்பன் இழை, பிறகு லிம்பா, நடுவில் கிரி. டிஎச்எஸ் நிறுவனத்தின் ஹரிக்கேன் லாங் 5 இரண்டாம் வகை: வெளியே லிம்பா, இழை நடுமரத்தை ஒட்டி. சீன வீரர் ஃபான் சென்தோங்கின் பெயரோடு முன்னதும், அந்நாட்டின் மா லாங்கின் பெயரோடு பின்னதும் அறியப்பட்டவை. இவற்றை ‘வெளியிழை’, ‘உள்ளிழை’ என்று சொல்லலாம்.

உள்ளிழையில் மெல்லத் தொடும்போது வெளி இரண்டு மரங்களே பேசும். ஓங்கி அடிக்கும்போதுதான் பந்தின் அழுத்தம் உள்ளே இழை வரை இறங்கும்.

அனுப்புநர்: யாழ்ப்பாண வாசகர்

மேசைப்பந்தாட்டச் சொற்கள் இரு கரைக்கும் பொதுவாக அமைவது நல்லது. நாங்கள் ‘றப்பர்’ என்று எழுதுவோம், நீங்கள் ‘ரப்பர்’ என்று எழுதுவீர்கள். அதை அப்படியே விடலாம்.

பயிற்றுநர் கேட்ட சொல்லுக்கு வருகிறேன். ‘வீச்சிசைவு’ என்று யோசித்தேன். ஆனால் வீச்சு இயற்பியலில் அலையோடு ஒட்டிவிட்டது. இசைவு என்றால் சம்மதம் என்றே பலரும் கொள்வர். அடியின் விசை ஏறும் அளவுக்குப் பந்தின் வேகமும் சீராக ஏறுவதால் சீரேற்றம் என்று வைக்கலாமா? “இந்தப் பலகை நல்ல சீரேற்றம் உடையது” என்றால் வாயில் தடங்கலின்றி வருகிறது. எதிர்ச்சொல்லைத் தேட வேண்டியதே இல்லை. “எகிறுகிறது” என்று பயிற்றுநர் தாமாகவே எழுதிவிட்டார். எகிறல்.

ஒரு ஐயம். எகிறல் பலகையின் குணமா, றப்பரின் அடியில் உள்ள பஞ்சின் குணமா?

அனுப்புநர்: மேசைப்பந்துப் பயிற்றுநர்

சீரேற்றம், எகிறல் இரண்டையும் முழு மனதோடு ஏற்கிறேன். ஆட்டக்காரர்கள் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் எகிறல் நிலைக்கும்.

ஐயம் மிகச் சரியானது. எகிறலில் பெரும்பங்கு பஞ்சினுடையது, பலகை அதைக் கூட்டும் அல்லது அடக்கும். அதனால் இரு பலகைகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே ரப்பர், ஒரே பஞ்சுத் தடிமன், ஒரே அளவு பசை. புதுப் பலகையில் புது ரப்பரையும், பழையதில் தேய்ந்த ரப்பரையும் வைத்து ஆடிப் பார்த்துவிட்டு “பலகை வேகம்” என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அங்கே அளக்கப்படுவது ரப்பர்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெறுமட்டையின் கைப்பிடியை இரு விரலால் தளர்வாகப் பிடித்து, பந்தைப் பலகையின் நடுவில் தட்ட விட்டுக் காது கொடுங்கள். சுருதி கூடினால் விறைப்பு கூடுதல். கைபேசியில் ஒலி அதிர்வெண் காட்டும் செயலி இருந்தால் எண்ணாகவே கிடைக்கும். ஒரே வகையில் இரண்டு மட்டை இருந்தால் இது மிகவும் உதவும். ஒரே பெயர், ஒரே எடை என்றாலும் விறைப்பு மாறுபடுவது மரத்தின் இயல்பு.

மேசையில் மூன்று அடிகள் போதும். முதலாவது, கீழ்ச்சுழலோடு வரும் குறும்பந்தைக் குறும்பந்தாகவே திருப்பித் தள்ளுவது. எகிறல் மிகுந்த பலகையில் பந்து எதிர்ப்பக்கத்தில் இரண்டாம் முறை குத்தாமல் மேசையை விட்டு நீளும், எதிராளிக்குத் தாக்க வாய்ப்பாகும். இரண்டாவது, எதிராளியின் டாப்ஸ்பினை (மேற்சுழல் அடியை) மட்டையை அசைக்காமல் தடுப்பது. இதில் பந்து திரும்பத் திரும்ப ஒரே ஆழத்தில் விழ வேண்டும். மூன்றாவது, மேசைக்கு ஒரு மீட்டர் பின்னால் நின்று முழு வீச்சில் டாப்ஸ்பின். சீரேற்றமுள்ள பலகை இங்கே கையை விரித்துவிடாமல் வேகம் தர வேண்டும். மூன்றாவதில் மட்டும் மயங்கி வாங்குபவரே அதிகம். புள்ளிகள் போவதோ முதலிரண்டில்.

பரிந்துரையாகச் சொன்னால், வீச்சு இன்னும் நிலைப்படாத தாக்குநருக்கு 5 அடுக்கு முழுமரம், 5.6 முதல் 6 மி.மீ. வெளியே லிம்பா, நடுவில் ஆயூஸ் என்ற சேர்க்கை பழையது, நம்பகமானது. வீச்சு நிலைத்தவருக்கு உள்ளிழை. மேசையை ஒட்டி நின்று தட்டையாக அடிப்பவருக்கும் தடுப்பவருக்கும் ஸ்டிகா கிளிப்பர் போன்ற 7 அடுக்கு முழுமரம் பொருந்தும், எடைதான் கொஞ்சம் கூடும். ஒவ்வொரு பந்தையும் முழு வீச்சில், சுழலோடு அடிக்கத் தெரிந்தவருக்கே வெளியிழை. முன்னணி வீரர் பிடிக்கிறார் என்பதற்காகத் தொடக்க நிலையில் உள்ளவருக்கு வெளியிழை வாங்கித் தருவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அவர் பந்து வெளியே போகுமே என்று அஞ்சி வீச்சைச் சுருக்குவார், சுருங்கிய வீச்சு பிறகு விரிவது அரிது.

எடை: வெறுமட்டை 85 கிராம், வெட்டிய ரப்பர் பக்கத்துக்கு 48 கிராம், பசையும் விளிம்பு நாடாவும் சில கிராம். மொத்தம் 185-ஐ ஒட்டி வரும். 190-ஐத் தாண்டினால் பின்கையில் மணிக்கட்டு தாமதிக்கும். அப்போது பலகையைக் குறை சொல்லாமல் பின்கைப் பக்கம் இலேசான ரப்பருக்கு மாறலாம்.

அனுப்புநர்: மரவேலை ஆசிரியர்

ஒன்று சேர்க்க வேண்டும். லிம்பா எளிதில் சிம்பு பெயரும் மரம். முதல் முறை ரப்பர் ஒட்டுமுன் நீரில் கரையும் பாலியூரித்தேன் மெருகை ஒரே ஒரு மெல்லிய பூச்சாகத் துணியால் தேய்த்து, ஓர் இரவு உலர விடுங்கள். இரண்டு மூன்று பூச்சு போட்டால் மேற்பரப்பு இறுகி எகிறல் கூடும். ரப்பரைக் கழற்றும்போது ஒரு மூலையிலிருந்து மெல்ல, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உரிக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் மரம் கூடவே வரும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மரம் ஈரம் குடித்துக் கனக்கும், அடி மந்தமாகும். மட்டைப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கலாம்.

அனுப்புநர்: சொற்பட்டியல் தொகுப்பாளர்

அனைவருக்கும் நன்றி. அலகையும் கடினத்தன்மையையும் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் ஏறுபவை:

மட்டைப்பலகை: ரப்பர் ஒட்டப்படும் தட்டை மரப்பகுதி, கைப்பிடி சேராது.
வெறுமட்டை: ரப்பர் ஒட்டாத, கைப்பிடியோடு கூடிய மட்டை. பேச்சில் ‘பிளேடு’ என்றும் வழங்கும்.
விறைப்பு: பலகை வளைய மறுக்கும் அளவு.
கடினம்: மேற்பரப்பு பள்ளம் விழ மறுக்கும் அளவு.
வெளியிழை, உள்ளிழை: இழைப்படலம் வெளிமரத்தை ஒட்டியும் நடுமரத்தை ஒட்டியும் அமைவது.
எகிறல்: மெல்லிய தொடுகையிலும் பந்து மிகுந்து தெறிப்பது.
சீரேற்றம்: அடியின் விசைக்கு ஏற்பப் பந்தின் வேகம் சீராக ஏறுவது.

‘கட்டுப்பாடு’ தலைச்சொல்லாக வராது, சீரேற்றத்தின் விளக்கத்தில் மட்டும் வரும். கைப்பிடி வகைகளில் அடிப்பக்கம் அகன்றதற்கு ‘விரிபிடி’, ஒரே அகலமுள்ளதற்கு ‘நேர்பிடி’ என்று குறித்திருக்கிறேன். உள்ளங்கைக்கு ஏற்ப நடுவில் புடைத்த மூன்றாவது வகைக்குச் சொல் இன்னும் அமையவில்லை. ‘புடைபிடி’ சரிவருமா?

அனுப்புநர்: யாழ்ப்பாண வாசகர்

புடைபிடி சரி. பிடித்துப் பார்க்காதவருக்கும் விளங்கும்.