மறு: மீன்தொட்டிக் குழாய் வேலைக்கான சொற்கள் – கலிங்கு, தூம்பு, காற்றுக்கண்

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை முழுவதையும் படித்தேன். தண்ணீரை மேலேற்றும் குழாயில் போடும் ‘siphon break’ துளைக்கு ‘உறிஞ்சு முறிப்பான்’ என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. அந்தத் துளை என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் மீன்தொட்டி வைக்கப் போகிறோம். கிட்டத்தட்ட 680 லிட்டர். வடிகட்டுவதெல்லாம் அடியில் அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு தொட்டியில். மேலே ஒரு தடுப்பைத் தாண்டி வழியும் தண்ணீர் குழாயில் கீழே இறங்கும். மோட்டார் அதைத் திரும்ப மேலேற்றும்.

கரண்ட் போனால்? தடுப்பின் மட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர் மட்டும் இறங்கினால் பயமில்லை. ஓர் அங்குலத்துக்கு 28 லிட்டர்தான். ஆனால் மேலேற்றும் குழாயின் வாய் ஆறங்குலம் மூழ்கியிருந்தால் அந்தக் குழாயே சைஃபனாகித் தண்ணீரைப் பின்னால் இழுக்கும். வாய் வெளியே தெரியும்வரை நிற்காது. மொத்தம் 170 லிட்டர் இறங்கிவிடும். கீழே அத்தனை காலியிடம் இல்லையென்றால் கூடம் முழுக்கத் தண்ணீர். ஒருவழி வால்வு போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் கதவில் பாசியோ குட்டி நத்தையோ சிக்கினால் முழுசாக மூடாது. அதனால்தான் அந்தக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போடுகிறார்கள். மட்டம் அங்கே வந்ததும் காற்று புகும், சைஃபன் அறுந்துவிடும். இந்தத் துளையிலும் பாசி அடைக்கும். அடிக்கடி குச்சியால் குத்திவிட வேண்டும்.

இதற்குத்தான் ‘காற்றுக்கண்’ என்கிறேன்.

> கண் எதற்கு? காற்றுத்துளை என்றாலே போதுமே.

போதாது. சாதாரண முறையில் கீழிறங்கும் குழாயின் தலையிலும் ஒரு துளை உண்டு. தண்ணீர் களகளவென்று இரைச்சல் போடாமல் இறங்க அது காற்று விடுகிறது. அதற்கு ‘மூச்சுத்துளை’ என்று வைப்போம். இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், அடைக்கக் கூடாததை யாராவது அடைத்துவிடுவார்கள். மதகுக்கும் பாலத்துக்கும் கண் உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

> கலிங்கு தென்மாவட்டச் சொல். வடக்கே புரியாது.

ஏரி நிரம்பியதும் மிச்ச நீர் வழியும் இடம்தான் கலிங்கு. எங்கள் பக்கம் அதைக் கோடி என்பார்கள், ஏரி நிரம்பி வழிந்தால் ‘ஏரி கோடி போச்சு’ என்பார்கள், சரிதான். தெலுங்கில் மொரவ. ஆனால் கோடி என்றதும் எண்ணிக்கை நினைவுக்கு வருகிறது. கலிங்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. சென்னை மாகாணப் பொறியாளர்களே அதைக் ‘கலிங்குலா’ என்று ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டார்கள். தொட்டியில் நாம் வைக்கும் தடுப்பும் ஏரியில் கலிங்கு செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது: மட்டத்தைக் காத்து, மிச்சத்தை வழியவிடுவது. ‘மிகைநீர் வழிவுத் தடுப்பு’ என்று மூன்று சொல்லை அடுக்க வேண்டாம்.

கீழிறங்கும் குழாய்க்குத் தூம்பு. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் உள்ள சொல். தெலுங்கிலும் தூமு என்றே வழங்குகிறது. எங்கள் பிளம்பருக்குத் தெலுங்குதான் வீட்டுமொழி. தூம்பு என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார்.

அடியில் இருக்கும் தொட்டிக்கு ‘சம்ப்’ என்ற பெயர் மட்டும் வேண்டவே வேண்டாம். “சம்ப்புக்கு ரெண்டு லைன் இழுக்கணும்” என்றேன். “வாசல் சம்ப்புக்கா அண்ணா?” என்று டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். நம் வீடுகளில் சம்ப் என்றால் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த்தொட்டி. ஆகவே மேல்தொட்டி, கீழ்த்தொட்டி. அப்புறம் எல்போ, யூனியன், டேங்க் நிப்பிள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். கடையில் கேட்டு வாங்க வேண்டியவை.

இன்னொன்றுக்கு எனக்குச் சொல் தேவைப்படுகிறது. இரைச்சல் இல்லாமல் தண்ணீரை இறக்க ஹெர்பி முறை என்று ஒன்று உண்டு. அதில் இரண்டு தூம்புகள். ஒன்று காற்றே இல்லாமல் முழுக்க நிரம்பி ஓடும், கேட் வால்வால் அளவு வைப்பார்கள். மற்றது அது அடைத்துக்கொண்டால் தண்ணீரை வாங்கிக்கொள்ள, சற்று உயரமாக நிற்கும். ‘நிறைதூம்பு’, ‘காப்புத்தூம்பு’ என்று நினைக்கிறேன். இதைவிட நல்லதாகத் தோன்றினால் சொல்லுங்கள். அடுத்த வாரம் துளை போட ஆள் வருகிறார். அதற்குள் படத்தில் பெயர்களை எழுதிவிட வேண்டும்.