செங்காந்தள் கிழங்கு முளைக்கவே இல்ல, அழுகிடுச்சா தூங்குதா?

பெரம்பூர் மாடி:
எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் ஜூன்ல எங்க மாமனார் வேதாரண்யத்துல இருந்து ஒரு செங்காந்தள் கிழங்கு கொண்டுவந்து குடுத்தாரு, அவங்க ஊர்ல வேலியோரமா தானா படர்ந்து கிடக்குமாம். மொட்டைமாடியில ஒரு க்ரோ பேக்ல (செடி வளர்க்குற பை) வச்சேன். ஐப்பசியில மொத பூ வந்துச்சு, பச்சை மொட்டு மஞ்சளும் செவப்புமா விரிஞ்சு கடைசியில முழுசா செவந்து நிக்கும், தினமும் காலையில அதைப் பாக்கறதுக்குன்னே மாடிக்கு ஓடுவேன். கார்த்திகை தீபத்தன்னிக்கு ஏழு பூ ஒண்ணா இருந்துச்சு. பொங்கல் முடிஞ்சதும் கொடி மஞ்சளாகி காய ஆரம்பிச்சிடுச்சு, தண்ணி பத்தலன்னு நெனச்சு ரெண்டு வேளையும் ஊத்தினேன், கொடி மொத்தமா காஞ்சப்புறமும் விடல. இப்ப ஆடி பொறக்கப் போவுது, ஒரு முளைகூட காணோம். மாமனார் பங்குனியில தவறிட்டாரு, இல்லன்னா அவர்கிட்டயே கேட்டிருப்பேன். வேற கிழங்கு வாங்கிக்கலாம்தான், ஆனா எனக்கு இதுதான் வேணும். என்ன பண்ணட்டும்?

ஊரப்பாக்கம் செம்மண்:
மனசு விடாதீங்க சகோ. கொடி காஞ்சா செடி செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, அது இயல்பே அப்படித்தான். தைக்கு மேல கொடி காஞ்சு கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கப் போயிடும், ஆனி ஆடியில ஒரு மழை விழுந்ததும் முளைக்கும். அந்த அஞ்சு மாசமும் தண்ணியே ஊத்தக் கூடாது, தொட்டியை அப்படியே மழை படாத எடத்துல ஒதுக்கி வச்சிடணும். இன்னொண்ணு, நீங்க வச்ச பழைய கிழங்கு இப்ப இருக்காது, அது வருஷா வருஷம் கரைஞ்சு புதுக் கிழங்கு உருவாகும். என் தொட்டியில ஒரு வருஷம் ஆடி கடைசியிலதான் முளைச்சுது, அதனால தோண்டாம இன்னும் மூணு வாரம் பொறுங்க.

தாம்பரம் தோட்டக்காரி:
அண்ணன் சொல்றது தண்ணி ஊத்தாம விட்ட தொட்டிக்கு சரி. இவங்க அஞ்சு மாசம் ஊத்தியிருக்காங்களே, ஒரு பக்கம் அழுகியிருந்தா நல்ல பக்கத்துக்கும் பரவிடும், அதனால இன்னிக்கே பாக்கறதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது. ஆனா கரண்டி போட்டு குத்தாதீங்க, பையை சைடுல கிழிச்சு மண்ணை கையால உதிர்த்து எடுங்க, கையுறை போட்டுக்கோங்க. கிழங்கு கலப்பை மாதிரி ரெண்டா வளைஞ்சிருக்கும், ஒவ்வொரு கையோட நுனியிலயும் ஒரே ஒரு குருத்துதான், அது ஒடஞ்சா அந்தக் கை முளைக்காது. அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருந்தா உயிர் இருக்கு. கொழகொழன்னு இருக்கறதை வெட்டி எடுத்துட்டு வெட்டுன எடம் நிழல்ல காயட்டும். அப்புறம் செம்மண், ஆத்து மணல், மக்குன தொழுவுரம் கலந்து ரெண்டு மூணு இன்ச் ஆழத்துல படுக்க வைங்க. கோகோபீட், அதான் தேங்கா நார்த்தூள், அதிகமா போடாதீங்க, நவம்பர் மழையில அது ஈரத்தை விடவே விடாது. கொடி ஏற மெல்லிசா குச்சியோ வலையோ வேணும், இலை நுனியே சுருண்டு பிடிச்சுக்கும், தடியான கம்பை பிடிக்கத் தெரியாது. கறுப்புல செவப்பு வெள்ளை புள்ளி போட்ட புழு வரும், ரெண்டே நாள்ல இலையெல்லாம் காலி பண்ணிடும், காலையில கையால பொறுக்கிடுங்க.

மடிப்பாக்கம் நர்ஸ் அக்கா:
வீட்ல குழந்தைங்க இருக்காங்களா? நம்ம மாநில மலர், ரொம்ப அழகு, எல்லாம் சரி. ஆனா வேர்ல இருந்து பூ வரைக்கும் விஷம், கிழங்கும் விதையும் ரொம்ப ஜாஸ்தி. உள்ள இருக்குற கோல்ச்சிசின்ங்கிற விஷப்பொருள் மருந்து செய்ய உதவுதுன்னுதான் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் இதையே கண்வலிக்கிழங்குன்னு ஏக்கர் கணக்குல விதைக்காக போடறாங்க, அதுக்காக யாரும் வீட்டு வைத்தியத்துல கை வைக்க வேணாம். சக்கரவள்ளிக் கிழங்குன்னு நெனச்சு சாப்ட்டு உயிர் போனவங்க இருக்காங்க. சாப்ட்ட உடனே ஒண்ணும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சுதான் வாந்தி பேதி ஆரம்பிக்கும், அது நின்ன மாதிரி இருந்தாலும் கிட்னி, ரத்தம்னு உள்ள போய் தாக்கும். முறிவு மருந்து கைவசம் இருக்குற விஷயம் இல்ல இது. அதனால வாந்தி வரட்டும்னு காத்திருக்காம, செடித் துண்டையும் கையில எடுத்துட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். தோண்டுன கிழங்கை கிச்சன்ல, வெங்காயக் கூடை பக்கத்துல ஒரு நிமிஷம்கூட வைக்காதீங்க.

பெரம்பூர் மாடி:
அக்கா, பையனுக்கு நாலு வயசு, மாடிக் கதவுக்கு இன்னிக்கே மேல் தாழ்ப்பாள் போட்டாச்சு. பையை கிழிச்சுப் பாத்தேன். ஒரு கை முழுக்க அழுகி நாத்தம். இன்னொரு கை விரல் நீளம்தான் இருக்கு ஆனா கெட்டி, நுனியில அரிசி அளவுக்கு வெள்ளையா குருத்து! வெட்டி நிழல்ல வச்சிருக்கேன், உயரமான அலமாரியில, மாமனார் பேரு எழுதின டப்பாவுல. ஆடி ஒண்ணாந்தேதி மண்ணுல வைக்கிறேன்.