வாசலில் பரங்கிக்காய் முகம்: முதல் ஹாலோவீனுக்கு என்னென்ன செய்யணும்?

நொய்யல்கரை | அக்டோபர் 5, 2025

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து ஜூன் மாதம்தான் பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்தோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. அத்தை (வீட்டுக்காரரின் அம்மா) ஆகஸ்டில் வந்தார், பொங்கலுக்குள் ஊர் திரும்புகிறார்.

அக்டோபர் 31 இங்கே ஹாலோவீன், பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள். அதற்காக எங்கள் தெரு இப்போது ஆளே மாறிவிட்டது. எதிர்வீட்டுப் புல்வெளியில் பன்னிரண்டடி எலும்புக்கூடு நிற்கிறது. பக்கத்து வீட்டில் அட்டையில் செய்த கல்லறைகள். காலையில் கதவைத் திறந்தால் அத்தை கண்ணில் முதலில் படுவது அந்த எலும்புக்கூடுதான். "விடிஞ்சதும் இது மூஞ்சியிலயா முழிக்கோணும்?" என்று கேட்கிறார். மகளோ நம் வீட்டு வாசலிலும் ஏதாவது வைத்தே ஆகவேண்டும் என்று நிற்கிறாள். இந்த முறை 31-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வேறு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பேய் பிசாசா என்று அத்தைக்கு மனசே ஒப்பவில்லை. அவர் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை, பிள்ளைகள் பள்ளியில் தனித்து நிற்பதும் பிடிக்கவில்லை.

நீங்கள் எல்லாம் உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? என்ன வாங்கி வைக்க வேண்டும், பிள்ளைகள் எத்தனை மணிக்கு வருவார்கள், நாம் சைவம் என்பதால் மிட்டாயில் எதைப் பார்க்க வேண்டும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

குடந்தைக்காரி | அக்டோபர் 5, 2025

வாங்க. நானும் உங்கள் பக்கத்து ஊர்தான், வந்து பதினாலு வருஷம் ஆகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம்.

நாங்கள் வந்தது 2011 கோடையில். அந்த அக்டோபர் 29, சனிக்கிழமை, பனிப்புயல். மரங்களில் இலை இன்னும் உதிரவில்லை. ஈரப்பனி இலைமேல் அப்பிக்கொண்டு கனம் தாங்காமல் கிளைகள் முறிந்து மின்கம்பிகள்மேல் விழுந்தன. ராத்திரி முழுக்கப் படீர் படீரென்று சத்தம். பெரியவளுக்கு அப்போது மூணு வயது, என்னைக் கட்டிக்கொண்டு தூங்கவே இல்லை. எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் கிடையாது. ஹாலோவீனையே அந்த வாரக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள், சுற்றுவட்டாரத்தில் நிறைய ஊர்களில் அப்படித்தான்.

ஞாயிறு சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா, எழுபது வயதிருக்கும், செதுக்கி வைத்திருந்த இரண்டு பரங்கிக்காயில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்து வந்து எங்கள் படியில் வைத்து உள்ளே மெழுகுவர்த்தியை ஏற்றினார். தெருவில் வேறு வெளிச்சமே இல்லை. எங்களுடையது கேஸ் அடுப்பு, தீக்குச்சி கிழித்தால் எரியும். அவர்கள் வீட்டில் மின்சார அடுப்பு. மிளகு ரசம் வைத்துக் காபி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தார். இன்றைக்கும் ஹாலோவீன் அன்று என் பிள்ளைகள் முதலில் தட்டுவது அவர் கதவைத்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் வருஷம் முழுக்கக் கதவு சாத்தியே இருக்கும். யார் வீட்டுக்கும் சொல்லாமல் போக முடியாது. இந்த ஒரு ராத்திரி மட்டும் எல்லாக் கதவும் திறக்கும். கும்பகோணத்தில் நவராத்திரிக்கு நாங்கள் ராதை, ஆண்டாள் என்று வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொலு பார்க்கப் போவோம். ஒரு பாட்டுப் பாடினால் தொன்னையில் சுண்டல் கிடைக்கும். அதே சந்தோஷத்தை என் பெண்கள் முகத்தில் பார்க்கிறேன். அதனால் உங்கள் மகளை அனுப்புங்கள். நீங்களும் கூடப் போங்கள்.

எலும்புக்கூடு, ரத்தம் எல்லாம் வைத்தே தீரவேண்டும் என்றில்லை. எங்கள் வாசலில் ஒரு நாளும் வைத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. ஒரு கட்டு சோளத்தட்டை, மண் தொட்டியில் செவ்வந்தி, இரண்டு பரங்கிக்காய். அவ்வளவுதான். அழகாக இருக்கும்.

அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். புது வீடு கட்டும்போது பூசணிக்காயில் மீசை, கோரைப்பல் எல்லாம் வரைந்து திருஷ்டிக்குத் தொங்கவிடுகிறோம் இல்லையா? இவர்கள் வாசலில் முகம் செதுக்கி வைப்பதும் அந்த எண்ணத்தில் வந்ததுதான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி விளக்கு வைப்பார்களாம், கெட்டது எதுவும் அண்டாமல் இருக்க. அங்கிருந்து பிழைக்க வந்தவர்கள் இங்கே பெரிசாக, குடைய வசதியாகப் பரங்கிக்காய் இருப்பதைப் பார்த்து அதற்கு மாறினார்கள். காய் இந்தக் கண்டத்துக்குச் சொந்தமானது. பரங்கியர் கொண்டுவந்ததால்தான் நமக்கு அது பரங்கிக்காய். என் மாமியார் 2014-இல் வந்தபோது நான் எதுவும் விளக்கவே இல்லை. வாசலில் ஒரு முறை பார்த்தார், "திருஷ்டிப் பூசணியா? குங்குமம் எங்கே?" என்று கேட்டார்.

செதுக்கும் விதம். இதில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். செதுக்கிய காய் ஒரு வாரம் தாங்கினாலே அதிகம், வெயில் அடித்தால் மூணே நாளில் பூஞ்சை பிடித்து முகம் உள்ளே மடிந்துவிடும். 29-ஆம் தேதிக்கு முன் கத்தி வைக்காதீர்கள். அதுவரை முழுசாக வாசலில் இருக்கட்டும். மேலே மூடி வெட்டும்போது கத்தியைச் சாய்த்துப் பிடியுங்கள், நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். உள்ளே நார் இருக்கும், வழுவழுவென்று கையில் சுற்றிக்கொள்ளும், ஒரு பச்சை வாசனை வரும். நான் சுரண்டுவது தேங்காய் துருவியால். கரண்டியைவிடப் பல மடங்கு வேகம். முகம் வெட்டப்போகும் பக்கத்தின் உட்புறத்தை ஒரு அங்குலத் தடிமன் வரும்வரை சுரண்டிவிட்டால் சின்னக் கத்தி சுலபமாக இறங்கும். நாலு வயதுப் பிள்ளைக்குக் கத்தி வேண்டாம், விதை பொறுக்கும் வேலை கொடுங்கள்.

விதையைக் கழுவி, துணியில் ஒரு ராத்திரி உலர்த்தி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் போட்டுப் பிசறி ஓவனில் வறுத்து எடுங்கள். தட்டில் வைத்த பத்தாவது நிமிஷம் காணாமல் போகும். செதுக்கும் காயைக் கூட்டுக்குப் போடாதீர்கள், தண்ணீர் விட்டு நாராக இருக்கும். சமைக்கச் சின்னதாக, உருண்டையாகத் தனியாகவே விற்பார்கள், பை பம்ப்கின் என்று கேளுங்கள். கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் ஊர் ருசி அப்படியே வரும்.

எங்கள் வீட்டில் இலையுதிர்காலம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். தோட்டத்துக்குப் போய் நாங்களே ஆப்பிள் பறிப்போம். முதலில் மெக்கின்டாஷ், அப்புறம் கார்ட்லண்ட், மக்கூன். கார்ட்லண்ட் நறுக்கி வைத்தாலும் சீக்கிரம் கறுக்காது, பள்ளி டப்பாவுக்கு நல்லது. புளிப்பானதைத் துருவித் தொக்கு கிளறுவேன், பெருங்காயமும் வெந்தயப்பொடியும் போட்டால் மாங்காய்க்கு ஏங்க வேண்டாம். கொலு வைக்கும்போது கீழே பூங்கா வைப்போம் இல்லையா, கடுகு தூவி முளைக்கவைத்து? சின்னவள் மூணு வருஷம் முன்னால் அந்தக் கடுகு நாற்றில் வழி வெட்டி, இங்கே பண்ணைகளில் சோளக்கொல்லைக்குள் வெட்டுகிற புதிர்ப்பாதை மாதிரி ஒன்று செய்தாள். நடுவில் செட்டியார் பொம்மை வழி தெரியாமல் நிற்கிறார். இப்போது ஒவ்வொரு கொலுவிலும் செட்டியாருக்கு அந்த இடம்தான். அப்புறம் தீபாவளி, இந்த வருஷம் 20-ஆம் தேதி. போன வருஷம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், 31. விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், சாயங்காலம் வேஷம். அகல் விளக்கு வரிசையும் பரங்கிக்காயும் ஒரே படியில் எரிந்தன. தெருவில் பாதிப்பேர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைய ராத்திரிக்குச் சில விஷயம். சூரியன் ஐந்தரையைத் தாண்டியதும் அடையும், குட்டிப் பிள்ளைகள் அப்போதே வந்துவிடுவார்கள். எட்டு மணிக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தட்டக்கூடாது, இதுதான் ஒரே சட்டம். வேஷத்துக்கான உடையை ஒரு அளவு பெரிசாக வாங்குங்கள், குளிருக்கு உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டும். வீட்டில் செய்த பலகாரம் கொடுக்கக்கூடாது. எத்தனை ஆசையாகச் செய்தாலும் பெற்றோர் தூக்கிப் போடத்தான் வேண்டியிருக்கும், உறை பிரிக்காததுதான் கொடுக்கணும். ஜெலட்டின் (விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது) இருக்கிறதா பாருங்கள்: கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன் (சோள மணி வடிவ மிட்டாய்) மூன்றிலும் பெரும்பாலும் இருக்கும். வெறும் சாக்லேட்டில் பெரும்பாலும் இருக்காது. வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகளுக்காகப் பென்சில், குட்டிப் பந்து மாதிரி ஏதாவது தனிக் கிண்ணத்தில் வைத்து, நீலப்பச்சை வண்ணம் அடித்த ஒரு பரங்கிக்காயை வாசலில் வையுங்கள். 2014-லிருந்து அந்த நிறத்துக்கு அதுதான் அர்த்தம். என் அக்கா பையனுக்குக் கடலை ஆகாது. அந்த நிறத்தைக் கண்டால் அவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

---

முட்டத்துக்காரன் | அக்டோபர் 6, 2025

அக்கா நிறையச் சொல்லிவிட்டார், நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர், குமரி மாவட்டம். நவம்பர் 1 எங்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள், 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள். ஹாலோவீன் என்ற பெயரே 'புனிதர் திருநாளுக்கு முந்தின மாலை' என்பதிலிருந்து வந்ததுதான். ஊரில் ஒரு வாரம் முன்பே கல்லறையில் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிப்போம். 2-ஆம் தேதி சாயங்காலம் பூமாலை, சாம்பிராணி, கல்லறை முழுக்க மெழுகுவர்த்தி. கடல் காற்றில் அணைய அணைய அப்பா திரும்பத் திரும்ப ஏற்றுவார்.

இங்கே என் பிள்ளைகள் 31-ஆம் தேதி வேஷம் போட்டுக்கொண்டு ஓடட்டும், தடையே இல்லை. ஆனால் 2-ஆம் தேதி பரங்கிக்காயிலிருந்து எடுத்த அதே மெழுகுவர்த்தியை அப்பா படத்துக்கு முன்னால் ஏற்றி, அவர் பெயரைச் சொல்லி ஜெபம் சொல்கிறோம். போன வருஷம் மகன் தன் மிட்டாயில் ஒன்றை எடுத்துத் தாத்தா படத்துக்கு முன் வைத்தான். உங்கள் அத்தைக்கு மகாளய அமாவாசை போன மாதம்தானே போயிற்று? இறந்தவர்களை நினைக்கிற காலம் என்று சொன்னால் அவருக்கு நம்மைவிட நன்றாகப் புரியும்.

---

ரயில்பெட்டி | அக்டோபர் 6, 2025

சேலம் போகிற எண்ணம் இருந்தால் (நம்ம சேலம் இல்லை, இங்கே பாஸ்டனுக்கு வடக்கே உள்ளது, ஹாலோவீனுக்குப் பேர்போன ஊர்) அக்டோபர் சனி ஞாயிறில் காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காமலே திரும்புவீர்கள். பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

போனால் நினைவிடத்துக்குக் கட்டாயம் போங்கள். 1692-இல் சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒரு முதியவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். முன்னூறு வருஷம் கழித்து, 1992-இல், சுவரை ஒட்டி 20 கல் பெஞ்சுகள் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வெளியே தெருவெல்லாம் சூனியக்காரித் தொப்பியும் கூச்சலும். உள்ளே யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். என் மகள் கூர்த்தொப்பி வேஷத்தில் வந்தவள், பெயர்களைப் படித்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். நான் எதுவும் சொல்லவில்லை.

---

நொய்யல்கரை | நவம்பர் 1, 2025

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது.

எங்கள் பக்கம் பரங்கிக்காயை அரசாணிக்காய் என்போம். அக்கா சொன்ன மாதிரியே 29-ஆம் தேதிதான் கத்தி வைத்தோம். அத்தை முதலில் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகளால் நாரைச் சுரண்ட முடியவில்லை. "இங்க குடு கண்ணு" என்று தேங்காய் துருவியை வாங்கினார், அப்புறம் அவரே முழுக்கக் குடைந்து முடித்தார். முகம் மகள் வெட்டியது, குங்குமம் அத்தை வைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து விளக்கேற்றிய கையோடு வாசல் சிமெண்டில் பிள்ளைகளின் சாக்பீஸால் பெரிய கோலம் போட்டார். நடுவில் அரசாணிக்காய். சாயங்காலம் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, வந்த எல்லாப் பிள்ளைக்கும் அவர்தான் சாக்லேட் எடுத்துக் கொடுத்தார். ஒருத்தரையும் விடாமல் "பேரு என்ன கண்ணு?" என்று தமிழிலேயே கேட்டார். எப்படியோ அத்தனை பிள்ளைகளும் பெயரைச் சொல்லிவிட்டார்கள். 73 பேர் வந்ததாக அவர்தான் கணக்கு வைத்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் தன் மகளை அழைத்து வந்து கோலத்தைக் காட்டி, அடுத்த வருஷம் எங்கள் வாசலுக்கும் ஒன்று போட்டுத் தருவார்களா என்று கேட்டார். எலும்புக்கூட்டு வீட்டுக்காரர்தான்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. விடிந்து பார்த்தால் அணில் ஒரு கண்ணைக் கடித்துப் பெரிசாக்கியிருக்கிறது. குங்குமம் வைத்த காயைக் குப்பைத் தொட்டியில் போட அத்தைக்கு மனசில்லை. முச்சந்தியில் உடைக்கலாமா என்கிறார். என்ன செய்யட்டும்?

---

குடந்தைக்காரி | நவம்பர் 1, 2025

முச்சந்தி வேண்டாம், வண்டி வழுக்கும்! மெழுகு ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நாலாக வெட்டி, பின்பக்கம் வேலியோரம் மண்ணில் போட்டு மேலே உதிர்ந்த இலைகளை அள்ளிக் கொட்டுங்கள். அணில் தின்றது போக மிச்சம் மக்கிவிடும். ஒட்டிக்கொண்டிருந்த விதை ஏதாவது தப்பினால் மே கடைசியில் அந்த இடத்தில் கொடி கிளம்பும், புல் வெட்டும்போது பார்த்து வெட்டச் சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம். அந்தக் கோலத்தின் போட்டோ இருந்தால் போடுங்கள்.