32 பைட் ரெக்கார்டு: விண்டோஸில் சரி, லினக்ஸில் தப்பு, பேக்ட் போட்டும் தீரவில்லை

பலகைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க டீம்ல ஒரு சென்சார் போர்டு இருக்கு. கார்ட்டெக்ஸ்-எம்4 சிப், ஓஎஸ் எதுவும் இல்லை, ஏஆர்எம் ஜிசிசி கம்பைலர்ல கம்பைல் ஆகுது. ஒவ்வொரு அளவீட்டையும் ஒரு ஸ்ட்ரக்ட்ல (சி மொழில பல புலங்களைச் சேர்த்து வைக்கற அமைப்பு) நிரப்பி, அதை அப்படியே எஸ்டி கார்டு ஃபைல்ல எழுதிடுது. ஸ்ட்ரக்ட்ல வரிசையா இருக்கறது: வகை (ஈனம், அதாவது பெயர் வச்ச எண்களோட பட்டியல்), நேரம் (லாங், முழு எண்), அழுத்தம் (டபுள், தசம எண்), வெப்பநிலை (16 பிட் இன்ட்), சென்சார் பெயர் (10 கேரக்டர் அர்ரே).

போர்டுல சைஸ்ஆஃப் (ஸ்ட்ரக்டோட பைட் அளவு) 32ன்னு சொல்லுது. அதே ஹெடர் ஃபைலை வச்சு 64 பிட் விண்டோஸ்ல படிச்சா அங்கேயும் 32, எல்லாம் சரியா வருது. ஆனா எப்போவாவது ஒரு ரெக்கார்டுல 'வகை' மட்டும் சம்பந்தமே இல்லாத பெரிய எண்ணா வரும். 64 பிட் லினக்ஸ்ல சைஸ் 40 ஆயிடுச்சு, எல்லாமே குப்பை. லினக்ஸ் பக்கம் மட்டும் ஸ்ட்ரக்டுக்கு பேக்ட் ஆட்ரிபியூட் (புலங்களுக்கு நடுவுல இடைவெளி விடாதேன்னு கம்பைலருக்குச் சொல்றது) போட்டேன், சைஸ் 32க்கு வந்துடுச்சு. ஆனா சில ரெக்கார்டுல நேரம் சரி, சிலதுல தப்பு, அழுத்தம் எதுலயுமே சரியில்லை.

மூணு மெஷினுமே லிட்டில் எண்டியன்தான் (எண்ணோட கீழ் பைட்டை முதல்ல வைக்கறது). அப்புறம் எங்க உதைக்குது?

மின்தடம்:

ஒரு பக்கம் மட்டும் பேக்ட் போட்டா வேலைக்கு ஆகாது. ரெண்டு பக்கமும் போடுங்க. லாங்குக்கு பதிலா இன்ட்64_டி, ஈனத்துக்கு பதிலா யுஇன்ட்8_டி. பின்னாடி பிக் எண்டியன் (மேல் பைட்டை முதல்ல வைக்கற) மெஷின் வந்தா ஹெச்டிஓஎன்எல் (எண்ணை பிக் எண்டியன் வரிசைக்கு மாத்தற ஃபங்ஷன்) போட்டுக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை.

நிரல்மங்கை:

மின்தடம் சொன்ன மாதிரி அளவு நிச்சயமான டைப்புக்கு மாறறது அவசியம், அதுல மாற்றுக்கருத்து இல்லை. பேக்ட் விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி உங்க ஃபைல்ல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். இது அழகா பிரிச்சுக் காட்டக்கூடிய கேஸ்.

போர்டு பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. ஓஎஸ் இல்லாத ஏஆர்எம் ஜிசிசில ஈனம் அதோட மதிப்புகளுக்குப் போதுமான மிகச் சின்ன அளவுல உட்காரும், உங்களுக்கு 1 பைட். அடுத்து வர்ற லாங் 4 பைட், 4ஆல வகுபடற இடத்துலதான் தொடங்கணும். அதனால 1, 2, 3 மூணும் வெறும் பேடிங், அதாவது இடத்தை நிரப்பற பைட். நேரம் 4லிருந்து 7 வரை, அழுத்தம் 8லிருந்து 15, வெப்பநிலை 16, பெயர் 18லிருந்து 27. டபுளுக்கு 8 பைட் அலைன்மென்ட் (8ஆல வகுபடற இடத்துல தொடங்கறது) வேணும்ங்கறதால கடைசியில 4 பைட் நிரப்பி மொத்தம் 32.

விண்டோஸ்ல ஈனம் 4 பைட். ஆனா 64 பிட் விண்டோஸ்லயும் லாங் 4 பைட்தான். அதனால நேரம் 4ல, அழுத்தம் 8லன்னு மத்த எல்லா இடமும் தற்செயலா பொருந்திப் போச்சு. வகையை மட்டும் 4 பைட்டா படிக்குது. அதுல முதல் பைட் நிஜம், மீதி மூணும் போர்டோட பேடிங். அந்த இடத்துல ஸ்டாக்ல (ஃபங்ஷன்கள் தற்காலிகமா பயன்படுத்தற மெமரி) முன்னாடி என்ன கிடந்துச்சோ அதுவே ஃபைலுக்குப் போயிருக்கு. பெரும்பாலும் பூஜ்யமா இருக்கும், எப்போவாவது இருக்காது. உங்க 'எப்போவாவது' அதுதான். இது வெறும் எண் தப்பற பிரச்சினை மட்டும் இல்லை. பேடிங் வழியா மெமரில கிடந்த பழைய தரவு, கடவுச்சொல் உட்பட, வெளியே போக வாய்ப்பு இருக்கு. முதல்ல மெம்செட் (மெமரியைப் பூஜ்யமாக்கற ஃபங்ஷன்) போட்டா தீரும்னு தோணும். ஆனா ஒரு உறுப்புல மதிப்பு வைக்கும்போது பேடிங் பைட்டுல என்ன இருக்கும்னு சி தரநிலை எந்த உறுதியும் தரலை.

64 பிட் லினக்ஸ்ல லாங் 8 பைட். நேரம் 8ல தொடங்கும், அதாவது போர்டு அழுத்தம் எழுதின இடத்துல. அதுக்குப் பின்னாடி எல்லாமே தள்ளிப் போகும், ரெக்கார்டும் 40 ஆயிடும்.

அடுத்து அந்தப் பேக்ட். லினக்ஸ்ல பேக்ட் போட்டா 4 + 8 + 8 + 2 + 10, கூட்டினா 32. போர்டோட 32உம் இந்த 32உம் ஒரே எண், ஆனா வேற வேற அமைப்பு! உங்க நேரம் இப்ப 4லிருந்து 11 வரை படிக்கப்படுது. முதல் நாலு பைட் நிஜ நேரம், அடுத்த நாலு பைட் அழுத்தத்தோட கீழ்ப்பாதி. அழுத்தம் 2.5 மாதிரி ரெண்டின் அடுக்குகள்ல சுருக்கமா அடங்கற எண்ணா இருந்தா அந்தக் கீழ்ப்பாதி முழுக்கப் பூஜ்யம், நேரம் சரியா தெரியும். 2.3ன்னா பூஜ்யம் இல்லை, நேரம் எங்கேயோ போயிடும். சைஸ்ஆஃப் ஒத்துப்போறதை வச்சு அமைப்பும் ஒத்துப்போகுதுன்னு தயவுசெஞ்சு எப்பவும் முடிவு பண்ணாதீங்க.

ரெண்டு பக்கமும் பேக்ட் போட்டா? இன்னைக்கு ஓடும். ஆனா அது கம்பைலரோட நீட்டிப்பு, சி மொழியோட பகுதி இல்லை. பேக்ட் உறுப்புக்கு பாயிண்டர் (மெமரி முகவரி) எடுத்து வேற ஃபங்ஷனுக்குக் கொடுத்தீங்கன்னா, கம்பைலர் அது ஒழுங்கா அலைன் ஆன இடம்னு நம்பித்தான் கோடு போடும். ஜிசிசி 9லிருந்து எச்சரிக்கை வருது, அதை யாரும் அணைச்சு வைக்காதீங்க. எம்4ல சாதாரண 4 பைட் லோடு அலைன் ஆகாத இடத்துலயும் ஓடிடும். ஒரே தடவையில 8 பைட் எடுக்கற எல்டிஆர்டி கட்டளை ஓடாது, ஃபால்ட் ஆகும் (சிப் அதைப் பிழையா எடுத்துக்கும்). எம்0 சிப்புக்கு மாறினா 4 பைட்டே ஃபால்ட்.

என் நிலைப்பாடு இதுதான்: ஸ்ட்ரக்ட் கம்பைலரோட சொத்து. அதை எப்படி அடுக்கறதுங்கறது அதோட உரிமை. ஃபைல் உங்க சொத்து. அதுல எந்த பைட் எங்க இருக்கணும்னு நீங்கதான் எழுதி வைக்கணும். உங்களுக்கு நான் வைக்கறது: வகை 1 பைட், நேரம் 8 பைட், அழுத்தம் 8, வெப்பநிலை 2, பெயரோட நீளம் 1, பிறகு பெயர். அதிகபட்சம் 30 பைட். ஃபைலோட தொடக்கத்துல அடையாளத்துக்கு 4 பைட், வெர்ஷனுக்கு 2 பைட். நேரத்துக்கு 8 எடுக்கறதுக்குக் காரணம் உண்டு: 1970லிருந்து வினாடி எண்ணினா, சைன்ட் (மைனஸும் வைக்கற) 32 பிட் எண் 2038 ஜனவரி 19ஓட முடிஞ்சிடும்.

எழுதறதுக்கு ஒரு சின்ன ஃபங்ஷன் போதும். வ ஒரு அன்சைன்ட் 32 பிட் எண், ப பைட் பஃபர்:

ப[0] = வ & 255;
ப[1] = (வ >> 8) & 255;
ப[2] = (வ >> 16) & 255;
ப[3] = (வ >> 24) & 255;

இதுல 'என் மெஷின் எந்த எண்டியன்'ங்கற கேள்வி எங்கேயுமே வரலை பாருங்க. ஷிஃப்ட் (பிட்டுகளை நகர்த்தறது) மதிப்பு மேல நடக்குது, மெமரி மேல இல்லை. எந்த மெஷின்ல ஓட்டினாலும் 258ங்கற எண் 2, 1, 0, 0ன்னுதான் ஃபைல்ல விழும். அதனாலதான் ஹெச்டிஓஎன்எல்லும் எனக்குப் பிடிக்கறதில்லை. அது புரட்டிப்போட்ட எண்ணை இன்னொரு இன்ட்லயே கொடுக்குது. அந்த இன்ட் ஏற்கெனவே புரட்டினதா இல்லையான்னு பார்த்துச் சொல்லவே முடியாது. ரெண்டு தடவை புரட்டினாலோ, புரட்ட மறந்தாலோ 1 போய் 16777216 ஆகும். பைட் அர்ரேவா இருந்தா அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ப[3]ஐ 24 இடம் நகர்த்தறதுக்கு முன்னாடி யுஇன்ட்32_டிக்கு மாத்துங்க. இல்லைன்னா பைட் முதல்ல சைன்ட் இன்ட் ஆகும். 128ஓ அதுக்கு மேலயோ இருந்தா அந்த ஷிஃப்ட் வரையறுக்கப்படாத நடத்தை, என்ன நடக்கும்னு சி எந்த உறுதியும் தராது.

பலகைவாசி:

அக்கா, அந்த 32 = 32 கணக்கைப் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன், அச்சு அசலா பொருந்துது. ரொம்ப நன்றி. இன்னும் சில சந்தேகம். டபுளை எப்படி ஷிஃப்ட் பண்றது? வினாடிக்கு ஆயிரக்கணக்குல ரெக்கார்டு எழுதறோம், பைட் பைட்டா எழுதினா மெதுவாகாதா? ஏற்கெனவே சேர்ந்திருக்கற பழைய ஃபைல்களை என்ன பண்றது? இதுக்கெல்லாம் லைப்ரரி இருக்கும்போது கையால எழுதணுமான்னு டீம்ல கேக்கறாங்க.

வடம்:

லைப்ரரி கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன். இந்தப் பிரச்சினைக்கு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களிலேயே எக்ஸ்டிஆர்ங்கற தரவு வடிவத்தைக் கொண்டுவந்துட்டாங்க. நெட்வொர்க்ல ஃபைல் பகிரற என்எஃப்எஸ் இன்னைக்கும் அதுமேலதான் நிக்குது. இப்ப நடப்பில் இருக்கற வரையறை ஆர்எஃப்சி 4506ங்கற இணையத் தரநிலை ஆவணம், 2006ல வந்தது. எல்லாம் பிக் எண்டியன், எல்லாம் 4 பைட்டின் மடங்கு. உங்க 16 பிட் வெப்பநிலைகூட 4 பைட் ஆகும், 10 எழுத்துப் பெயர் நீளத்தோட சேர்த்து 16 ஆகும். மொத்தம் 40 பைட். இதுல எனக்குப் பிடிச்சது, எழுதவும் படிக்கவும் ஒரே ஃபங்ஷன், திசையை மட்டும் மாத்தினா போதும். அதனால ரெண்டு பக்கமும் வேற வேற வரிசையில போயிடாது. லினக்ஸோட சி லைப்ரரி ஜிலிப்சில 2.32லிருந்து, எக்ஸ்டிஆர் இருந்த சன் ஆர்பிசி பகுதி எடுக்கப்பட்டாச்சு, லிப்டிஐஆர்பிசி லைப்ரரி போட்டுக்கணும்.

புலங்கள் அடிக்கடி கூடும் குறையும்னா கூகுளோட புரோட்டோகால் பஃபர்ஸ் வடிவம் நல்லது, சின்ன போர்டுக்கு அதோட சின்ன லைப்ரரி நானோபிபி இருக்கு. ஸ்கீமா (புலங்களோட வரையறை) இல்லாமலே தரவு தன்னைப் பத்திச் சொல்லணும்னா சிபிஓஆர்ங்கற பைனரி வடிவம். ஜேசன்ங்கற டெக்ஸ்ட் வடிவமும் தப்பில்லை. ஆனா டபுள் பிசகாம திரும்பி வரணும்னா 17 இலக்கம் அச்சிடணும்.

நிரல்மங்கை:

வடம் சொன்னதுல எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சம்மதம். அஞ்சு புலம், மாறாத அமைப்பு, சின்ன போர்டுன்னா கையால எழுதறது நூறு வரிக்குள்ள முடிஞ்சிடும், முழுசா புரியவும் புரியும். புலம் இருபது தாண்டினா நானே ஸ்கீமா பக்கம் போயிடுவேன்.

டபுளுக்கு: யுஇன்ட்64_டி ஒண்ணு எடுத்து, டபுளை மெம்காப்பி (பைட்டுகளை அப்படியே நகலெடுக்கறது) பண்ணி, அதை ஷிஃப்ட் பண்ணி எட்டு பைட்டா எழுதுங்க. டபுள் பாயிண்டரை இன்ட் பாயிண்டரா காஸ்ட் பண்ணாதீங்க. அது அலியாசிங் விதியை (ஒரு டைப்பா வச்ச மெமரியை வேற டைப்பா அணுகக்கூடாதுங்கறது) மீறுது, ஆப்டிமைசர் அதை வச்சு கோடையே மாத்திடலாம். மெம்காப்பிக்கு ஒரு செலவும் இல்லை, கம்பைலர் அதை ரிஜிஸ்டர் நகர்வா ஆக்கிடும். கூடவே டபுள் 8 பைட்தான்னு ஒரு ஸ்டாட்டிக் அசர்ட் (கம்பைல் ஆகும்போதே சரிபார்க்கற வரி) வைங்க. ஏவிஆர் சிப்புக்கான ஜிசிசில டபுள் இயல்பா 4 பைட்தான். அங்க கம்பைல் ஆகாம நின்னா, தப்பா ஓடறதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

வேகத்தைப் பத்திக் கவலை வேண்டாம். அந்த நாலு வரி ஷிஃப்டை இன்றைய ஜிசிசியும் கிளாங்கும் ஆப்டிமைசேஷன்ல அடையாளம் கண்டு, முடிஞ்ச இடத்துல ஒரே ஸ்டோரா மாத்திடும். அப்படி மாத்தாட்டாலும் எஸ்டி கார்டு எழுதற நேரத்துக்கு முன்னாடி இது கணக்குலயே வராது.

பழைய ஃபைல்களை மாத்தறது சுலபம், இப்ப உங்களுக்கு அமைப்பு தெரியும். 32 பைட் பஃபர்ல படிங்க. 0ஆவது பைட் வகை, 4ல நேரம், 8ல அழுத்தம், 16ல வெப்பநிலை, 18லிருந்து பெயர். எல்லாத்தையும் அதே பைட் ஃபங்ஷன்களால எடுங்க, ஸ்ட்ரக்ட் வேண்டாம். 1, 2, 3ஆவது பைட்டைத் தொடவே தொடாதீங்க. விண்டோஸ்ல கெட்டுப்போனதா நினைச்ச ரெக்கார்டுலயும் வகை பத்திரமா அந்த முதல் பைட்ல இருக்கும், எதையும் இழக்கலை.

படிக்கற பக்கம் எதையும் நம்பாம எழுதுங்க. பெயரோட நீளம் 10ஐ தாண்டினா அந்த ரெக்கார்டை நிராகரிங்க. நீளத்தை நம்பி நேரா காப்பி பண்ற கோடுதான் பஃபரை உடைக்குது. கார்டை நடுவுல பிடுங்கினா அரைகுறை ரெக்கார்டு வரும், அதனால ஒவ்வொண்ணுக்கும் கடைசியில சிஆர்சி-32 (பிழையைக் கண்டுபிடிக்கற சரிபார்ப்பு எண்) சேர்த்தா நல்லது. உங்க சிஆர்சி சரியான்னு பார்க்க '123456789'ங்கற ஒன்பது எழுத்தைக் கொடுங்க, 3421780262 வரணும்.

டெஸ்ட் எழுதும்போது, எழுதிட்டுத் திரும்பப் படிச்சா அதே மதிப்பு வருதான்னு மட்டும் பார்த்தா போதாது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பா இருந்தாலும் அது பாஸ் ஆகும். எதிர்பார்க்கற பைட்டையே கையால எழுதி ஒப்பிடுங்க. நீங்க கீழ் பைட் முதல்லன்னு முடிவு பண்ணியிருந்தா, வெப்பநிலை -40 என்பது 216, 255. அழுத்தம் 1.0 என்பது ஆறு பூஜ்யம், பிறகு 240, 63.

அதே டெஸ்டை பிக் எண்டியன்லயும் ஓட்டிப் பாருங்க, மெஷின் வாங்க வேண்டியதில்லை. எஸ்390எக்ஸ் (பிக் எண்டியனா இருக்கற ஐபிஎம் மெயின்ஃப்ரேம்) கிராஸ் கம்பைலர்ல ஸ்டாட்டிக்கா கம்பைல் பண்ணி கியூஎம்யூ எமுலேட்டர்ல ஓட்டினா போதும். அங்க ஃபெயில் ஆச்சுன்னா எங்கேயோ ஒரு மெம்காப்பி ஷிஃப்டைத் தாண்டி இன்ட்ல இருந்து நேரா பஃபருக்குப் போகுதுன்னு அர்த்தம். அந்த ஃபங்ஷனை இங்க போடுங்க, சேர்ந்து பார்ப்போம்.