டேங்க் மடிப்பில் ஒளிந்திருந்த மழைத்தண்ணீர்: செஸ்னா 182 அனுபவம்

டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறந்து பறப்பதற்கு முன் சோதனைக்காகக் கோப்பையில் பிடித்த பெட்ரோல் சுத்தமாக வந்துவிட்டால் டேங்கில் தண்ணீர் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். இறக்கைக்குள் ரப்பர் பையே டேங்காக இருக்கும் பழைய செஸ்னா சிறுவிமானம் ஓட்டுகிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

ஃபுளோரிடாவில் நான் பயிற்சி எடுத்த காலம். கோடையில் அங்கே பிற்பகலானால் இடிமழை கொட்டும். எங்கள் செஸ்னா 182 வெட்டவெளியில்தான் நிற்கும். நல்ல மழைக்கு மறுநாள் காலை இடது டேங்கில் பிடித்த முதல் கோப்பையில் கோடும் இல்லை, குமிழும் இல்லை. இன்ஸ்ட்ரக்டர் அதை வாங்கி வெள்ளை இறக்கைக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீலமாக இருக்கும். இதில் நீலம் துளிகூட இல்லை. கோப்பை முழுக்கத் தண்ணீர்! பெட்ரோலும் சேர்ந்து வந்திருந்தால்தானே நடுவில் கோடு தெரியும்?

நீலமாக வரும்வரை வடித்தோம். கிளம்புமுன் இன்ஜினை வேகமாக ஓட்டிப் பார்க்கும் ரன்-அப்பிலும் அது சீராகவே ஓடியது. அப்புறம் டேக்-ஆஃபில் மூக்கு மேலே எழும்பி, சக்கரங்கள் தரையை விட்ட கொஞ்ச நேரத்தில் இன்ஜின் திணறியது. விட்டு விட்டு இழுத்தது, பிறகு சுத்தமாகச் சக்தி போய்விட்டது. இன்ஸ்ட்ரக்டர் யோசிக்கவே இல்லை, மூக்கை உடனே இறக்கிவிட்டார். ரன்வே நீளமானது என்பதால் எதிரே மிச்சமிருந்த தூரத்திலேயே இறங்கி நின்றோம்.

மெக்கானிக் டேங்கைத் திறந்து காட்டினார். பையின் அடிப்பக்கம் சுருங்கி, விரல் தடிமனில் ஒரு மடிப்பு. அதற்குப் பின்னால் குளம் மாதிரி தண்ணீர் தேங்கியிருந்தது. தரையில் நிற்கும்போது அந்த மடிப்பு அணைபோட்டு, தண்ணீரை வால்வுப் பக்கம் வரவிடுவதில்லை. மூக்கு தூக்கியதும் அதைத் தாண்டி நேராக இன்ஜினுக்குப் போய்விடுகிறது.

இது தெரியாத விஷயமும் அல்ல. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1984-லேயே இதற்கு உத்தரவு போட்டிருக்கிறது: வாலைத் தரைக்குக் கிட்டத்தில் அழுத்தி, இறக்கைகளைப் பன்னிரண்டு முறையாவது மேலும் கீழும் ஆட்டிவிட்டு, மறுபடி வடித்துப் பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு இதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். மடிப்பு இருந்தால் பையைச் சரிசெய்யாமல் பறக்கவே கூடாது.

நிறம் வெளிறியிருந்தால் தண்ணீர் மட்டுமல்ல, ஜெட் எரிபொருள் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஒரு சொட்டைக் காகிதத்தில் விடுங்கள். விமானப் பெட்ரோல் ஆவியாகிவிடும், ஜெட் எரிபொருள் எண்ணெய்ப் பிசுக்காக வட்டம் போட்டு நிற்கும். புகழ்பெற்ற பைலட் பாப் ஹூவரின் விமானத்திலேயே ஒருமுறை தவறாக ஜெட் எரிபொருள் நிரப்பி, இரண்டு இன்ஜினும் நின்றிருக்கின்றன.

எங்கள் விமானத்தில் தண்ணீர் உள்ளே போனது டேங்க் மூடி வழியாகத்தான். இறக்கையோடு சமமாகப் பதியும் மூடி, அதைச் சுற்றி மழைநீர் தேங்கும், ரப்பர் வளையமோ காய்ந்து வெடித்திருந்தது. குடைபோல் மேலே கவிந்து மூடும் மூடிக்கு மாறியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? அதன்பின் வடிக்கும்போது தண்ணீர் வருவது நின்றதா என்று சொல்லுங்கள்.