கடற்கரைக் கடையில் கடல்குதிரை: நீங்கள் கண்டதையும் எழுதுங்கள்

மதுரைப் பயணி:

இராமேஸ்வரம், கன்னியாகுமரி போனவர்களுக்குச் சங்குக் கடைகள் புதிதல்ல. முன்வரிசையில் சங்கு, பாசிமணி, சிப்பி ஒட்டிய கண்ணாடிச் சட்டங்கள். இவற்றைத் தாண்டி இன்னொரு சரக்கு உண்டு. கேட்டால்தான் வெளியே வரும். என் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் "அபூர்வமாக ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டதும் கடைக்காரர் பலகைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். பஞ்சின் மேல் காய்ந்த கடல்குதிரைகள்.

ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். விரல் நீளம்தான். உடல் முழுக்க வளையம் வளையமாக எலும்பு, சுருண்டபடியே விறைத்துப்போன வால், வயிற்றுக்குக் கீழே புடைத்த பை. அந்தப் பை ஆணுக்கு மட்டும் உரியது. பெண் இடும் முட்டைகளை அதில் வாங்கிக் குஞ்சு பொரிக்கும்வரை சுமப்பது ஆண்தான். குஞ்சுகளைச் சுமந்த நிலையிலேயே அது பிடிபட்டிருக்க வேண்டும். கடைக்காரரோ "தானாகக் கரை ஒதுங்கியது, வீட்டில் வைத்தால் யோகம்" என்றார். அந்தக் குடும்பத்துச் சிறுவன் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டான்.

அந்தக் குடும்பத்துப் பெரியவரிடம் மெதுவாகச் சொன்னேன்: கடல்குதிரை, கடல் அட்டை (கடலடியில் ஊரும் வெள்ளரிக்காய் போன்ற உயிரி), கடல் விசிறி (விசிறி வடிவப் பவள இனம்), பவளப்பாறை எல்லாவற்றையும் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், சேர்த்துவிட்டார்கள். விற்பவருக்கு மட்டுமல்ல, பையில் வைத்திருப்பவருக்கும் சிறை உண்டு. அவர் வாங்காமல் நகர்ந்தார். கடைக்காரருக்கு என் மேல் கோபம். அது நியாயம்தான், அவர் பிழைப்பு அது. ஆனாலும் வாய்மூடி நிற்க என்னால் முடியவில்லை. "செத்ததைத்தானே வாங்குகிறோம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெட்டியில் ஒன்று குறைந்தால் அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று கடலிலிருந்துதான் வரவேண்டும்.

பாம்பன்கரை:

மீனவர்களான எங்கள் தரப்பையும் கேளுங்கள். இங்கே கடல்குதிரைக்கென்று வலை போடுவது குறைவு. படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவைமடியில் இறாலோடும் கழிவு மீனோடும் சேர்ந்து ஏறுகிறது. மடியைப் பிரிக்கும்போது பெரும்பாலும் உயிர் இருக்காது. திரும்ப எறிந்தாலும் பிழைக்காத ஒன்றைக் காயவைத்து நாலு காசு பார்ப்பவனைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடல் அட்டை கதை இன்னும் கசப்பானது. தலைமுறையாக மூழ்கி எடுத்தவர்களுக்கு ஒரே உத்தரவில் தொழில் போனது. எதிர்க்கரையில், இலங்கையில், அதையே உரிமம் வாங்கிக்கொண்டு எடுக்கிறார்கள். இங்கே பிடிபடுகிறவன் மூட்டை சுமக்கும் கூலியாள். வாங்குகிறவர் ரயிலேறிப் போய்விடுகிறார்.

ஆனால் பவளப்பாறை விஷயத்தில் நான் எவருக்கும் பரிந்து பேச மாட்டேன். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் படகு படகாக வெட்டி ஏற்றிய காலத்தை என் அப்பா சொல்லியிருக்கிறார். மன்னார் வளைகுடாவில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பாறையை வெட்டியது அதற்கு ஒரு பெரிய காரணம். கடையில் நீங்கள் பார்க்கும் வெள்ளைவெளேர் கொத்து அதன் இயல்பான நிறமல்ல. உயிரோடு இருக்கும்போது பழுப்பாகவோ பச்சையாகவோ இருக்கும்; சதையை அழுகவிட்டு, வெளுப்புத் தூள் போட்டுக் கழுவியபின் மிஞ்சும் கூடுதான் அது. மூக்கருகே கொண்டுபோனால் சில நேரம் வாடை இன்னும் இருக்கும். வாங்கத்தான் வேண்டுமென்றால் பூசைக்கு வைக்கிற இடம்புரிச் சங்கை வாங்குங்கள். அதற்குத் தடை இல்லை, எங்கள் ஆட்களுக்கும் கூலி கிடைக்கும்.

சிங்கப்பூர்வாசி:

ஹோ சி மின் நகரின் பென் தான் சந்தையில் கண்டது. கண்ணாடிக் குடுவையில் சாராயம், அதற்குள் படம் விரித்த நாகம், அதன் வாயில் ஒரு தேள். எங்கள் குழுவில் பலரும் வாங்கத் துடித்தார்கள். செத்த நாகம் தானாகப் படம் விரித்து நிற்காது. குடுவையில் இறக்கும்போது யாரோ கையால் விரித்து நிறுத்தியிருக்கிறார்கள். பாம்பை உயிரோடு சாராயத்தில் அமிழ்த்துவதும் உண்டு என்று படித்தபிறகு அந்தப் பக்கம் திரும்பவே எனக்குப் பிடிக்கவில்லை. "பெட்டியில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார் வழிகாட்டி. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் நாகங்கள் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முடியாது. விற்ற ஊரில் யாரும் கேட்கவில்லை என்பது இறங்கும் ஊரில் செல்லாது.

கூடலூர்க்காரி:

எங்கள் வீட்டுச் சுவரில் சிறுத்தைத் தலை ஒன்று இருக்கிறது. எஸ்டேட் துரை ஊரைவிட்டுப் போகும்போது தாத்தாவுக்குக் கொடுத்தது. மைசூரில் புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்துவந்த வான் இங்கன் நிறுவனத்தின் முத்திரை பின்பலகையில் இருக்கிறது. அந்த நிறுவனத்தையே 1999இல் மூடிவிட்டார்கள். இப்போது உறவினர் ஒருவர் விலை பேசுகிறார். பழைய பொருள்தானே, விற்கலாம் என்கிறார் அண்ணன். எனக்கு உறுத்துகிறது. யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டம் படித்தவர்:

விற்கக் கூடாது, அம்மா. எவ்வளவு பழையது என்பது கணக்கில்லை. முதலில் தாத்தா பெயரில் தலைமை வனவுயிர்க் காப்பாளர் கொடுத்த உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்குக் காட்டாமல் வைத்திருந்தவர்களுக்கு 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அப்போது மனுப் போட்டிருந்தால் அதன் நகல் வீட்டுக் காகிதங்களில் இருக்கலாம். சான்றிதழ் இருந்தால் வாரிசுக்குப் போகலாம். அப்போதும் 90 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். வைத்திருக்க விருப்பமில்லை என்றால் அரசிடம் ஒப்படைக்க வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் வழி செய்கிறது. அதற்கு இழப்பீடு கிடையாது.

சான்றிதழே இல்லை என்றால் நிலைமை வேறு. சிறுத்தை முதல் அட்டவணை உயிரி என்பதால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பயந்துகொண்டு எரிப்பதோ குப்பையில் போடுவதோ வேண்டாம். யாருக்கும் பரிசாகக் கொடுக்கவும் வேண்டாம். வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலரிடம் எழுத்துமூலம் தெரிவியுங்கள். விலை பேசும் உறவினரிடம் இன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுங்கள். வாங்குகிற அவரும் குற்றவாளியாவார்.