நாலு டீம் ட்ரேட்: கூட்டல் சரியாக வருகிறது, மில்வாக்கி பக்கம் மட்டும் சிவப்பு. எங்கே இடிக்கிறது?

கோர்ட்_ஓரம் | 25 ஜனவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். என்பிஏ கூடைப்பந்து லீக்கில், மயாமி வீரர் ஜிம்மி பட்லரின் ட்ரேட் (டீம்களுக்கிடையே வீரர் பரிமாற்றம்) விஷயத்தில் ஒரு உதவி வேண்டும். மயாமி அவரை இரண்டாவது தடவையும் சஸ்பெண்ட் செய்துவிட்டது, இனி அங்கே அவர் ஒட்டமாட்டார். பீனிக்ஸ் போக ஆசைப்படுகிறார் என்று ஊரே சொல்கிறது. பீனிக்ஸ் பதிலுக்குக் கொடுக்கக்கூடிய பிராட்லி பீலை மயாமி வாங்காது, அதனால் மில்வாக்கியை உள்ளே இழுத்தேன். இதுதான் நான் ட்ரேட் மெஷினில் (ஒரு ட்ரேட் லீக் விதிப்படி செல்லுமா என்று பச்சை, சிவப்பு காட்டும் இணையக் கருவி) போட்டது:

பீனிக்ஸுக்கு: ஜிம்மி பட்லர்
மில்வாக்கிக்கு: பிராட்லி பீல்
மயாமிக்கு: கிறிஸ் மிடில்டன், பாபி போர்டிஸ், பீனிக்ஸின் 2031 முதல் சுற்று பிக் (புது வீரர்களை எடுக்கும் ட்ராஃப்டில் ஒரு தேர்வு உரிமை)
டெட்ராய்ட்டுக்கு: பாட் கானட்டன், கூடவே மில்வாக்கியின் ஒரு இரண்டாம் சுற்று பிக்

பீல் இந்த ஆண்டு 5.02 கோடி டாலர். மிடில்டன் சுமார் 3.1 கோடி, போர்டிஸ் 1.26 கோடி, கானட்டன் 94 லட்சம், மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 5.3 கோடி வருகிறது. அதாவது சம்பளக் கணக்கில் மில்வாக்கி கொடுப்பது அதிகம், வாங்குவது குறைவு. பட்லர் 4.88 கோடி, பீலை விடக் குறைவு, அதனால் பீனிக்ஸ் பச்சை. மயாமியும் பச்சை, டெட்ராய்ட்டும் பச்சை. மில்வாக்கி மட்டும் செல்லாது என்கிறது. கால்குலேட்டரில் தனியாகவும் கூட்டிப் பார்த்துவிட்டேன். மெஷினில் கோளாறா, எனக்குத் தெரியாத விதி ஏதாவது இருக்கிறதா?

அரைக்கோடு | 25 ஜனவரி

மெஷின் சரியாகத்தான் சொல்கிறது தம்பி. மில்வாக்கி செகண்ட் ஏப்ரனுக்கு (டீமின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் போட்டிருக்கும் கோடுகளில் உச்சக் கோடு) மேலே இருக்கிற டீம். இந்த சீசனில் சாலரி கேப் (மொத்தச் சம்பளத்துக்கான அடிப்படை வரம்பு) 14.06 கோடி டாலர், லக்சரி டாக்ஸ் (அதிகச் சம்பளத்துக்கு டீம் கட்டும் வரி) தொடங்குவது 17.08 கோடியில், முதல் ஏப்ரன் 17.81 கோடி, செகண்ட் ஏப்ரன் 18.89 கோடி. கடைசிக் கோட்டைத் தாண்டிய டீம், இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. லீக்கும் வீரர் சங்கமும் 2023-ல் போட்ட ஒப்பந்தத்தின் விதி இது. சில்லறையைச் சேர்த்து நோட்டாக நீட்டினால் அந்தக் கடையில் வாங்கமாட்டார்கள், ஒரே நோட்டாகக் கொடுக்க வேண்டும்.

உங்கள் ட்ரேடில் மில்வாக்கி செய்வது அதேதான், மூன்று பேரைக் கூட்டி ஒரு பீல். இதில் வேடிக்கை என்னவென்றால் மில்வாக்கியின் நட்சத்திரங்கள் யானிஸும் லில்லர்டுமே ஆளுக்கு 4.88 கோடிதான் வாங்குகிறார்கள். பீல் அவர்களை விட அதிகம். அந்த டீமில் 5.02 கோடி வாங்குகிற ஒரு ஆள்கூட இல்லை. ஆகவே மில்வாக்கி அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிற வரைக்கும் யாரைக் கொடுத்தாலும் பீலை வாங்க முடியாது. யானிஸையே கொடுத்தாலும் முடியாது.

கோர்ட்_ஓரம் | 25 ஜனவரி

அப்படியா! ஆனால் போன அக்டோபரில் மினசோட்டாவும் செகண்ட் ஏப்ரன் டீம்தானே? அவர்கள் டவுன்ஸை நியூயார்க்குக்குக் கொடுத்து ராண்டில், டிவின்சென்ஸோ என்று நிறைய பேரை வாங்கினார்களே, அது எப்படிச் செல்லுபடியானது?

அரைக்கோடு | 25 ஜனவரி

திசையைப் பாருங்கள். மினசோட்டா ஒருவரைக் கொடுத்துப் பலரை வாங்கியது. அதற்குத் தடை கிடையாது, வருகிற மொத்தம் போகிற மொத்தத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும். பலரைக் கொடுத்து ஒருவரை வாங்குவதுதான் கூடாது.

அந்த ட்ரேடில் மூன்றாவது டீமாக சார்லட் ஏன் வந்தது என்று பார்த்தால் உங்களுக்கு இந்த விளையாட்டு பிடிபடும். டவுன்ஸ் 4.92 கோடி. ராண்டிலும் டிவின்சென்ஸோவும் கீட்டா பேட்ஸ்-டியோப்பும் சேர்ந்து 4.3 கோடி அளவில்தான். நியூயார்க் முதல் ஏப்ரனுக்கு மேலே போகிற நிலைமை, அங்கே போனால் கொடுப்பதை விட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. ஆக இன்னும் ஆறு ஏழு மில்லியன் டாலர் சம்பளத்தை யாருக்காவது அனுப்பியாக வேண்டும். மினசோட்டாவுக்கு அந்தக் கூடுதல் சம்பளம் வேண்டாம், அதற்கும் டாக்ஸ் கட்ட வேண்டுமே. அதனால் நியூயார்க் தன்னிடம் முன்பு இருந்த, பெரிய பெயர் இல்லாத மூன்று வீரர்களுக்கு (ஜெஃப்ரீஸ், சார்லி பிரவுன், டுவேன் வாஷிங்டன்) புது ஒப்பந்தம் போட்டு, போட்ட கையோடு சார்லட்டுக்கு அனுப்பியது. சார்லட்டுக்கு அந்தச் சுமையை ஏற்றதற்கான கூலி இரண்டாம் சுற்று பிக்குகள். ஆட்டத்துக்கும் அந்த மூவருக்கும் சம்பந்தமே இல்லை, வெறும் எடைக்கல்.

ஹீட்_வெறி | 25 ஜனவரி

விதியெல்லாம் இருக்கட்டும், இந்த ட்ரேடை மயாமி ஏன் செய்ய வேண்டும்? அதை யாரும் கேட்கவே இல்லை. மிடில்டனுக்கு போன கோடையில் இரண்டு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை, டிசம்பரில்தான் களத்துக்கே வந்தார், இப்போது பெஞ்சிலிருந்து வருகிறார். பட்லர் எங்களை இரண்டு தடவை ஃபைனலுக்குக் கூட்டிப் போனவர். அவருக்குப் பதிலாக இதுவா? டிசம்பர் 26 அன்று மயாமி தலைவர் ரைலி "ட்ரேட் இல்லை" என்று அறிக்கை விட்டார், எட்டே நாளில் சஸ்பென்ஷன், யார் கேட்டாலும் பேசத் தயார் என்று மாற்றி அறிக்கை. அவசரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்ததும் எல்லா டீம் ரசிகர்களும் தங்களுக்கு வேண்டாததைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டுகிறார்கள்.

கோர்ட்_ஓரம் | 25 ஜனவரி

அதற்குத்தானே அண்ணா பீனிக்ஸின் 2031 பிக் போட்டிருக்கிறேன். பாதுகாப்பு நிபந்தனை எதுவும் இல்லாத பிக், அதாவது எந்த இடத்தில் விழுந்தாலும் மயாமிக்கே.

மூணு_பாயிண்ட் | 25 ஜனவரி

அந்த பிக் இப்போது பீனிக்ஸிடம் இல்லை. ஜனவரி 21 அன்றே யூட்டாவுக்குப் போய்விட்டது, பதிலுக்கு 2025, 2027, 2029 ஆண்டுகளின் மூன்று முதல் சுற்று பிக்குகள் வந்திருக்கின்றன. மூன்றும் நல்ல டீம்களின் கடைசிக்கட்ட பிக்காக விழ வாய்ப்புள்ள ரகம். நீங்கள் பார்க்கிற மெஷினில் இன்னும் பழைய பட்டியல் இருக்கலாம். ஏழு ஆண்டுக்கு அப்பால் உள்ள பிக்கைத் தொடக்கூடாது என்பதால் இப்போதைக்கு 2031-தான் கடைசி. டுரண்டை வாங்கும்போதே பீனிக்ஸ் தன் முதல் சுற்று பிக்குகளை புரூக்ளினுக்கு வாரிக் கொடுத்துவிட்டது. கையில் மிஞ்சிய பெரிய பிக் இது ஒன்றுதான், அதையும் மூன்றாக உடைத்து வைத்திருக்கிறார்கள். காரணம் தெளிவு: நாலைந்து டீம் சேரும் ட்ரேடில் ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது வைக்க வேண்டும், ஒரே பிக்கை வைத்து எத்தனை பேரைச் சமாதானம் செய்வது?

ரீபவுண்ட்_ராசா | 26 ஜனவரி

இன்னொன்று விட்டுப்போச்சு. டெட்ராய்ட் உங்கள் ட்ரேடில் மில்வாக்கியோடு மட்டும்தான் தொடர்பு வைத்திருக்கிறது. மூன்று டீமுக்கு மேல் போனால் ஒவ்வொரு டீமும் குறைந்தது வேறு இரண்டு டீமோடு ஏதாவது கொடுக்கவோ வாங்கவோ வேண்டும். பல ட்ரேட் மெஷின்கள் இதைச் சோதிப்பதே இல்லை, பச்சை காட்டிவிடும், லீக் அலுவலகம் நிராகரிக்கும்.

இதற்குத் தீர்வு சுலபம். டெட்ராய்ட்டிலிருந்து மயாமிக்கு ஒரு இரண்டாம் சுற்று பிக், முதல் 55 இடத்துக்குள் விழுந்தால் கொடுக்கத் தேவையில்லை என்ற நிபந்தனையோடு. இந்த ஆண்டு ட்ராஃப்டில் மொத்தமே 59 பிக். அதாவது லீக்கிலேயே உச்சியில் இருக்கிற நாலு டீமில் ஒன்றாக இருந்தால் மட்டும்தான் அந்த பிக் கை மாறும். டெட்ராய்ட் இந்த ஆண்டு எவ்வளவோ தேறிவிட்டது, அதற்காக அந்த அளவுக்கு இல்லை! அல்லது ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருக்கிற, இங்கே வரவே போகாத ஒருவரின் ட்ராஃப்ட் உரிமையைத் தள்ளிவிடலாம். இதுவும் பழைய வழக்கம்தான்.

கோர்ட்_ஓரம் | 26 ஜனவரி

சரி, டெட்ராய்ட்–மயாமி பிக் சேர்த்துவிட்டேன், 2031-ஐ எடுத்துவிட்டு அந்த மூன்றில் இரண்டை மயாமிக்குப் போட்டேன். மில்வாக்கிக்கு வழியே இல்லையா? ட்ரேட் முடிந்தபின் அவர்கள் செகண்ட் ஏப்ரனுக்குக் கீழே வந்துவிட்டால்?

அரைக்கோடு | 26 ஜனவரி

நல்ல கேள்வி, வழி அங்கேதான் இருக்கிறது. ட்ரேட் முடிந்த கணத்தில் மொத்தச் சம்பளம் 18.89 கோடிக்குக் கீழே வந்தால் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு சீசன் முடிகிற வரை அந்தக் கோடு இரும்புச் சுவர், எந்தக் காரணத்துக்கும் தாண்ட முடியாது. உங்கள் ட்ரேடில் மில்வாக்கிக்கு மிச்சமாவது வெறும் 28 லட்சம். அது போதாது. மூன்று பேர் போய் ஒருவர் வருவதால் காலியாகும் இடத்தில் குறைந்தபட்ச சம்பளத்துக்காவது ஆள் போட வேண்டும், அந்தச் செலவும் கணக்கில் ஏறும்.

ஆக இன்னும் ஆட்களைக் கழற்ற வேண்டும். மார்ஜான் போஷாம், ஏ.ஜே. ஜான்சன் என்று இரண்டு இளைஞர்கள், ஆளுக்கு 27, 28 லட்சம். இவர்களையும் டெட்ராய்ட்டுக்கு அனுப்பலாமே என்று தோன்றும். சாலரி கேப்புக்குக் கீழே டெட்ராய்ட்டிடம் மிச்சம் இருக்கிற இடம் 1.4 கோடி அளவு. கானட்டன் 94 லட்சம், ஒரு இளைஞர் சேர்ந்தால் 1.22 கோடி, இரண்டாமவரையும் வைத்தால் 1.49 கோடி, நிரம்பி வழிகிறது. அவருக்கு வேறு வீடு பார்க்க வேண்டும். யூட்டாவோ வாஷிங்டனோ வர வேண்டும், அவர்களுக்கும் ஒரு பிக் கூலி, அவர்களும் இரண்டு டீமைத் தொட வேண்டும். நாலு டீம் ட்ரேட் ஐந்து டீம் ட்ரேட் ஆவது இப்படித்தான். போன ஜூலையில் கிளே தாம்சன் டாலஸ் போன ட்ரேடில் ஆறு டீம் இருந்தது, அதில் பாதிக்கு மேல் இந்த மாதிரி ஒட்டுவேலை.

இவ்வளவும் செய்து முடித்தாலும் பீல் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் காலி. அவரிடம் நோ-ட்ரேட் உரிமை (தன் சம்மதம் இல்லாமல் ட்ரேட் செய்யக்கூடாது என்பது) இருக்கிறது. லீக்கில் இன்று அது இருப்பது அவருக்கும் லெப்ரானுக்கும் மட்டும். வாஷிங்டன் கொடுத்தது, 2023-ல் பீனிக்ஸ் வந்தபோது கூடவே வந்தது, இங்கிருந்து போனாலும் கூடவே போகும்.

மூணு_பாயிண்ட் | 26 ஜனவரி

லில்லர்ட், பீல் இருவரையும் ஒரே நேரத்தில் களத்தில் வைத்தால் யார் தடுப்பாட்டம் ஆடுவது, யானிஸ் தனியாக மூன்று பேரையா பிடிப்பார்? பீலுக்கு அடுத்த ஆண்டு 5.37 கோடி, அதற்கடுத்த ஆண்டு 5.71 கோடி, அந்தக் கடைசி ஆண்டை ஏற்பதா வேண்டாமா என்பதும் அவர் விருப்பம். மில்வாக்கி ரசிகனாகச் சொல்கிறேன், மெஷின் சிவப்பு காட்டியதில் எனக்குச் சந்தோஷம்.

ஹீட்_வெறி | 26 ஜனவரி

பீனிக்ஸ்காரர்கள் முதலில் தங்கள் நிலைமையைப் பார்க்க வேண்டும். நுர்கிச் 1.81 கோடி, கிரேசன் ஆலன் 1.56 கோடி, இவர்களைச் சேர்த்துக் கொடுக்கவும் வழியில்லை, அவர்களும் செகண்ட் ஏப்ரன்தான், அதுவும் வெகு தூரம் மேலே. பட்லர் சம்பளத்துக்கு ஈடாக ஒற்றை ஆளாக இருப்பது டுரண்ட், புக்கர், பீல். மூவரில் இருவரைத் தரமாட்டார்கள், மூன்றாமவரை யாரும் கேட்கவில்லை. இதில் நாங்கள் என்ன பேச?

ஸ்கார்பரோ_பெஞ்ச் | 27 ஜனவரி

டொராண்டோவை ஐந்தாவது டீமாகப் போடுங்கோ. இந்த ஆண்டு தோற்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேலையில்லை, பிக் தந்தால் யாரை வேண்டுமானாலும் ஏற்கிறோம்.

கோர்ட்_ஓரம் | 7 பிப்ரவரி

ட்ரேட் காலக்கெடு முடிந்தது, இழையை முடித்து வைக்கிறேன். நம் நேரம் நள்ளிரவு ஒன்றரை மணி வரை முழித்திருந்தேன். பட்லர் கோல்டன் ஸ்டேட் போய்விட்டார், மயாமி, யூட்டா, டெட்ராய்ட், டொராண்டோ சேர்ந்த ஐந்து டீம் ட்ரேட். பீல் பீனிக்ஸிலேயே. மிடில்டன் வாஷிங்டன் போனார், குஸ்மா மில்வாக்கி வந்தார். கடைசியாக ஒன்று: கோல்டன் ஸ்டேட்டும் விகின்ஸ், ஷ்ரூடர், கைல் ஆண்டர்சன், லிண்டி வாட்டர்ஸ் என்று நாலு பேரைக் கூட்டித்தானே பட்லரை வாங்கியது? அவர்களுக்கு மட்டும் எப்படி?

அரைக்கோடு | 7 பிப்ரவரி

அவர்கள் செகண்ட் ஏப்ரன் பக்கமே போகவில்லை. முதல் ஏப்ரனுக்குக் கீழேயே இருக்க வேண்டிய கட்டாயம் கோடையிலேயே வந்துவிட்டது. விகின்ஸ் 2.63 கோடி, ஷ்ரூடர் 1.3 கோடி, ஆண்டர்சன் 88 லட்சம், வாட்டர்ஸ் 22 லட்சம், கூட்டினால் 5.03 கோடி. பட்லர் 4.88. கொடுத்தது அதிகம், வாங்கியது குறைவு, கூட்டவும் தடையில்லை. குஸ்மா ட்ரேடையும் மெஷினில் போட்டுப் பாருங்கள், மில்வாக்கி சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு செகண்ட் ஏப்ரனுக்குக் கீழே இறங்கியது அதில்தான்.

ஹீட்_வெறி | 7 பிப்ரவரி

எங்களுக்கு விகின்ஸ், ஆண்டர்சன், டேவியன் மிட்செல், ஒரு முதல் சுற்று பிக். மிடில்டனை விட எவ்வளவோ தேவலாம், அதற்காகக் கொண்டாடவெல்லாம் முடியாது.

ஸ்கார்பரோ_பெஞ்ச் | 7 பிப்ரவரி

ஐந்தாவது டீமாக எங்களைப் போடச் சொன்னேன், போட்டுவிட்டார்கள். மிட்செலை அனுப்பிவிட்டு 39 வயது பி.ஜே. டக்கரை வாங்கியிருக்கிறோம். அடுத்த தடவை நான் வாயைத் திறக்கமாட்டேன்.